எழுதிக் கொடுத்த அனுமதி

பதிப்புரிமை என்ற சொல்லைக் கேட்டதும் நமது இலக்கியகாரர் பலர் அதைச் சட்டத்தரணிகளின் பாடமென்று ஒதுக்கிவிடுகிறார்கள். நூலின் இரண்டாம் பக்கத்தில் 'உரிமை ஆசிரியருக்கே' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டால் விடயம் முடிந்தது என்பதே பொதுவான எண்ணம். அந்த ஒரு வரி எதைச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை இன்றைய உரையில் நேயர்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். அதற்கு மூன்று வரலாறுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கொழும்பு 13 இல் வெளிவந்த ஒரு கவிதை நூலின் கதை. மற்றொன்று, அமெரிக்காவில் ஒரு மேசை விளையாட்டைச் சுற்றி எழுந்த உரிமைப் பிரச்சினை. மூன்றாவது, பாரதி பாடல்களின் உரிமை கைமாறிய கதை. இவை மூன்றும் வந்து சேருமிடம் வெள்ளவத்தை வீடுகளில் உள்ள நமது புத்தக அலுமாரிகள்தான்.

முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போவோம். 1960களில் ஆதிருப்பள்ளித் தெருவில் எம். ஏ. ரஹ்மான் அவர்கள் 'அரசு வெளியீடு' என்ற பதிப்பகத்தை நடத்தினார். 'இளம்பிறை' என்ற சஞ்சிகையும் அவருடைய கையிலிருந்தே வந்தது. ஈழத்து நூலை ஈழத்திலேயே அழகாக அச்சிட்டுக் காட்ட முடியும் என்று பிடிவாதமாக நின்றவர்களில் அவர் ஒருவர். அந்தப் பதிப்பகம் 1966 இல் வெளியிட்டதுதான் மஹாகவியின் 'குறும்பா'.

குறும்பா என்ற வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை இலக்கிய நேயர்கள் அறிவீர்கள். ஆங்கிலத்தில் லிமெரிக் என்ற ஐந்தடி நகைச்சுவைப் பாட்டு உண்டு. 1846 இல் எட்வேர்ட் லியர் வெளியிட்ட நூலினால் அது உலகப் புகழ் பெற்றது. அந்த லியர் ஓவியரும்கூட; 1874 இல் இலங்கைக்கும் வந்து போனவர். ஆனால் லிமெரிக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பும் அது இருந்தது. அந்த ஐந்தடிக் கூட்டை மஹாகவி எடுத்தார். தமிழின் எதுகைக்கும் மோனைக்கும் சந்தத்துக்கும் இசைய அதை மாற்றினார். யாழ்ப்பாணத்து மனிதரையும் கொழும்புக் கந்தோர் மனிதரையும் அதற்குள் நடமாட விட்டார். அதன் பின்னர் ஈழத்தில் வேறு பலரும் குறும்பா எழுதினார்கள். மஹாகவியிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஏன் தேவை இல்லை? வடிவத்துக்கு உரிமை கிடையாது. வெண்பாவுக்குச் சொந்தக்காரர் இல்லை. சிறுகதைக்கு இல்லை, துப்பறியும் கதைக்கு இல்லை, ஐந்தடி நகைச்சுவைப் பாட்டுக்கும் இல்லை. ஆனால் மஹாகவி எழுதிய ஒரு குறிப்பிட்ட குறும்பா, அதன் சொற்களும் அவை அமைந்த ஒழுங்கும், மஹாகவியுடையது. அதை எடுத்து அச்சிட அனுமதி வேண்டும். வடிவம் பொது, வாக்கு தனியுடைமை. பதிப்புரிமைச் சட்டம் முழுவதும் நிற்பது இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்ன பழைய தீர்ப்பொன்று 1879 இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. வழக்கு இலக்கியத்தைப் பற்றியதல்ல, கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. செல்டன் என்பவர் வரவு செலவு எழுதும் புதிய முறையொன்றை விளக்கி நூல் எழுதியிருந்தார். பேக்கர் என்பவர் அதை ஒத்த முறையில் கணக்குக் கொப்பிகளைச் செய்து விற்றார். நூலுக்கு உரிமை உண்டு, நூல் கற்பிக்கும் முறைக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நமது செட்டியார் தெரு வணிகர்களுக்கும் உடனே விளங்கக்கூடிய நியாயம் அது.

நமது நாட்டிலும் இதே நிலைதான். பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்கும் நீண்ட காலம் செல்லுபடியாக இருந்தது. பிறகு 1979 இல் புலமைச் சொத்துக் கோவை வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எண்ணம், செய்முறை, ஒழுங்குமுறை, கோட்பாடு என்பவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அச்சட்டம் சொல்கிறது. எழுதப்பட்ட ஆக்கத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும் இருந்து, அவர் மறைந்த பின் மேலும் 70 ஆண்டுகள் நீள்கிறது. 1971 இல் மறைந்த ஒருவரின் எழுத்துக்கு 2041 வரை. இந்த எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதனிடம் திரும்பி வருவோம்.

இனி அமெரிக்கக் கதை. 1974 இல் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். நிலவறைகளும் நெருப்புப் பாம்புகளும் என்று பெயரைத் தமிழாக்கலாம். ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். அவரை நமது கூத்து அண்ணாவியாருக்கு ஒப்பிடலாம். ஆனால் அவருடைய கொப்பியில் கதையின் முடிவு எழுதியிராது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர். வழியில் ஓர் அரக்கன் எதிர்ப்படுகிறான். வீரர் என்ன செய்யப்போகிறார் என்பதை அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் வாயால் சொல்கிறார். அது பலித்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கிறது. இப்படிப் பேசிப் பேசியே ஒரு கதை உருவாகிறது. சில குழுக்கள் ஒரே கதையை ஆண்டுக்கணக்காக வளர்த்துச் செல்வதும் உண்டு.

ஆகவே இந்த விளையாட்டை வாங்குகிறவர் விதிகளை மட்டும் வாங்குகிறார். கதையை அவரே செய்ய வேண்டும். இரசிகர்கள் இலட்சக்கணக்கில் கதைகளைச் செய்தார்கள், புதிய அரக்கர்களையும் புதிய நாடுகளையும் படைத்தார்கள், எழுதி வைத்தார்கள், மற்றவர்களோடு பகிர விரும்பினார்கள். அங்கேதான் கேள்வி எழுந்தது. ஒருவருடைய விதிகளின் மேல் இன்னொருவர் கட்டிய கதை யாருடையது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த விளையாட்டின் முதற் பதிப்பிலேயே ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'ஹொபிட்' என்ற குள்ள மனிதர்கள் வந்திருந்தார்கள். 1970களின் பிற்பாதியில் டோல்கீன் ஆக்கங்களின் வணிக உரிமையை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். பெயர் மாற்றப்பட்டு அந்தக் குள்ளர்கள் 'ஹாஃப்லிங்' ஆனார்கள். குள்ள மனிதர்களைப் பற்றிய கற்பனை பொது. ஹொபிட் என்ற பெயரும் அதோடு வந்த சித்திரிப்பும் பொதுவல்ல என்பதே அதன் பொருள். ஆனால் இப்படி ஆட்சேபத்துக்குப் பணிந்த அதே நிறுவனம், 1990களில் தனது இரசிகர்கள் கணினி வலையில் ஆக்கங்களைப் பகிரத் தொடங்கியபோது, தன் நிபந்தனைகளை ஏற்று, தான் காட்டிய இடத்தில் மட்டும் போடுங்கள் என்று கண்டிப்புக் காட்டியது. இரவல் வாங்கியவரே இரவல் கொடுக்க மறுத்த கதை.

அந்த நிறுவனம் கடனில் மூழ்கி 1997 இல் கைமாறியது. புதிய உரிமையாளரான 'விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்' நிறுவனம் 2000 இல் எதிர்த் திசையில் ஒரு காரியம் செய்தது. 'திறந்த விளையாட்டு உரிமம்' என்ற பெயரில் ஒரு பொது அனுமதிப் பத்திரத்தை வெளியிட்டது. விளையாட்டின் அடிப்படை விதிகளின் வாசகத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், அதன் மேல் தமது நூலை எழுதலாம், விற்கவும் செய்யலாம், பணம் கட்டத் தேவையில்லை. இந்தப் பத்திரத்தைத் தமது நூலிலும் சேர்க்க வேண்டும், நிறுவனத்தின் தனிப்பெயர்களைத் தொடக்கூடாது, இவையே முக்கியமான நிபந்தனைகள். இதைத் தருமம் என்று கொள்ள வேண்டாம். பிறர் கதைகள் பெருகினால் மூல விதிநூலின் விற்பனையும் பெருகும் என்ற வணிகக் கணக்கு அது. கணக்கு சரியாகவே இருந்தது. சிறு பதிப்பாளர்கள் பலர் அந்தப் பத்திரத்தை நம்பித் தொழில் தொடங்கினார்கள். 'பைசோ' என்ற நிறுவனம் 2009 இல் அதே பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டையே கொண்டுவந்தது.

2023 ஜனவரியில் இடி விழுந்தது. பழைய பத்திரத்தை இனி ஏற்கப்போவதில்லை, அதற்குப் பதிலாகப் புதிய பத்திரம் வரும் என்று கூறும் வரைவொன்று வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 750,000 டொலருக்கு மேற்பட்டால் அந்த மேலதிகத்தில் பங்கு கட்ட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. இரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாக நம்பியிருந்த அனுமதியை எப்படித் திரும்பப் பெறலாம் என்று கேட்டார்கள்.

அப்போதுதான் எல்லோரும் பழைய பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்கள். 'நிரந்தரமானது' என்ற கருத்துடைய சொல் அதில் இருந்தது. 'மீளப்பெற முடியாதது' என்ற கருத்துடைய சொல் இல்லை. ஒரு சொல் குறைந்ததனால் எத்தனையோ பேருடைய பிழைப்பு அந்தரத்தில் நின்றது. இரசிகர்களின் எதிர்ப்பு வலுத்தபோது நிறுவனம் பின்வாங்கியது. 2023 ஜனவரி 27 அன்று அடிப்படை விதிகள் அடங்கிய ஏறத்தாழ 400 பக்க ஆவணத்தைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமத்தின் கீழ் விட்டது. அந்த உரிமத்தில் மீளப்பெற முடியாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரின் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம். இனி அந்த நிறுவனத்தின் மனம் மாறினாலும், முகாமை மாறினாலும், அந்த 400 பக்கங்களும் திரும்பிப் போகமாட்டா.

இந்தக் கதையில் நான் காணும் பாடம் ஒன்றுதான். நல்லெண்ணம் அனுமதியாகிவிடாது. நல்லெண்ணம் கொண்டவர் பதவி விலகலாம், இறந்து போகலாம், உரிமையை விற்றுவிடலாம். பின்னால் வருகிறவரைக் கட்டுப்படுத்துவது கடதாசியில் எழுதியிருக்கும் சொல் மட்டும்தான்.

தமிழுலகம் இந்தப் பாடத்தை அமெரிக்க விளையாட்டுக்காரருக்கு வெகுகாலம் முன்பே படித்திருக்கிறது. பாரதியார் 1921 இல் மறைந்தார். அவர் தமது பாடல்களை ஊருக்காக எழுதினார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஊருக்குக் கொடுத்தேன் என்று ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதி வைக்கவில்லை. அச்சிடும் உரிமை குடும்பத்தவரிடமிருந்து மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சி. விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. ஒலிப்பதிவு உரிமை தனியாகப் பிரிந்து, 1930களில் ஒரு வணிக நிறுவனத்துக்குச் சில நூறு ரூபாவுக்கு விற்கப்பட்டது. அங்கிருந்து அது படத் தயாரிப்பாளர் ஏவி. எம். மெய்யப்பச் செட்டியாரின் கைக்கு வந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1948 இல் வெளியிட்ட 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெற்றபோது, உரிமை தன்னுடையது என்று செட்டியார் வழக்குக்குப் போனார். தேசிய கவியின் பாட்டைப் பாட ஒரு தனிமனிதரிடம் அனுமதி கேட்பதா என்று தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு நாரண துரைக்கண்ணன், வ. ரா., திருலோக சீதாராம் போன்றோர் பாரதி விடுதலைக் கழகத்தின் பெயரால் இயக்கம் நடத்தினார்கள். ஏவி. எம். தமது உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949 இல் சென்னை அரசாங்கம் விசுவநாதனுக்கு 15,000 ரூபாவும், பாரதியின் மனைவி செல்லம்மாவுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபாவும் கொடுத்து உரிமையை வாங்கியது. 1950களின் நடுப்பகுதியில் அது பொதுமக்களுக்கு விடப்பட்டது. இந்த வரலாற்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆக, பாரதி பாடல் பொதுவுடைமையாவதற்கு ஒரு வழக்கும், ஒரு இயக்கமும், ஓர் அரசாங்கமும் தேவைப்பட்டன. பாரதிக்கு அவ்வளவும் கிடைத்தன. நமது எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் கிடைக்குமா?

இனி நமது வீட்டுக்கு வருவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளோடு புத்தக அலுமாரிகளும் எரிந்தன. நமது நாட்டில் ஒரு நூலின் முதற் பதிப்பு ஆயிரம் பிரதி என்பதே பெரிய காரியம். பல நூல்கள் ஐந்நூறோடு நின்றன. இரண்டாம் பதிப்பைக் கண்டவை கொஞ்சம். எனவே 1960களிலும் 70களிலும் வந்த ஒரு சிறுகதைத் தொகுதியின் எஞ்சிய பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நிலை பல தடவை ஏற்படுகிறது. எழுதியவர் மறைந்துவிட்டார். பிள்ளைகள் ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், சிட்னியில் ஒருவர். சட்டப்படி உரிமை அவர்களுடையது. அப்படியொரு உரிமை தங்களிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பழைய சிறுகதைகளைத் தொகுக்கும் வேலையில் நானும் ஒருமுறை ஈடுபட்டிருந்தேன். நல்ல கதையொன்று. ஆசிரியரின் இரு பிள்ளைகள் தொலைபேசியிலேயே மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். மூன்றாமவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே உறவினருக்குத் தெரியவில்லை. பதிப்பாளர் துணியவில்லை. கதை தொகுப்பில் இடம்பெறவில்லை. அந்தத் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவர் எழுதி வைக்கவில்லையே.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் படியெடுத்து எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறது. எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டுப் பெறுவது அந்தப் பணியின் ஒரு பகுதி. பார்வைக்குச் சிறு வேலை போலத் தோன்றும். உண்மையில் ஒரு நூலைப் படியெடுப்பதைவிட உரிமையாளரைத் தேடிப்பிடிப்பதே நீண்ட வேலையாகிவிடக்கூடும். பழுதாகும் பிரதியைக் காப்பாற்ற ஒரு நூலகம் தனக்கென்று படியெடுத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தப் படியை ஊருக்கெல்லாம் பகிர்வதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். முன்பு சொன்ன 2041 என்ற எண்ணை இப்போது நினைத்துப் பாருங்கள். 1990 இல் மறைந்தவருக்கு அது 2060. அதுவரை அந்த ஐந்நூறு பிரதிகளில் ஒன்றாவது கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பி நிற்குமா என்பதுதான் கேள்வி.

உரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தை நம்பிச் சீவிக்கிறவரின் உழைப்பை இன்னொருவர் களவாக அச்சிட்டு விற்பது திருட்டுத்தான். நமது நாடகாசிரியரின் பிரதியைப் பெயர் சொல்லாமல் மேடையேற்றுவதும், கவிதையை மாற்றிப் பாடுவதும் நடக்கின்றன. அவற்றைத் தடுக்க உரிமை வேண்டும். பணத்தைப் பற்றிய உரிமையோடு, பெயர் சொல்லப்படும் உரிமையும் ஆக்கம் சிதைக்கப்படாதிருக்கும் உரிமையும் எழுத்தாளருக்கு உண்டு என்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கிறது. பெயரைக் கைவிடாமலே மற்றதைக் கொடுக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. விளையாட்டுக்காரர்கள் கடைசியில் செய்ததும் அதுதான்.

எனவே அடுத்த நூலை அச்சகத்துக்குக் கொடுக்கவிருக்கும் எழுத்தாள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டாம் பக்கத்தில் 'உரிமை ஆசிரியருக்கே' என்பதற்குக் கீழே இன்னும் நாலு வரிக்கு இடமுண்டு. பாடசாலைகளும் மன்றங்களும் இலவசமாக மேடையேற்றலாமா? மொழிபெயர்க்கலாமா? நூல் கடையில் கிடைக்காது போய் இத்தனை ஆண்டு கழிந்தால் எண்ணிம நூலகத்தில் வைக்கலாமா? நான் இல்லாத காலத்தில் யாரைக் கேட்க வேண்டும்? ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். ஆம் என்று எழுதினால், இது மீளப்பெற முடியாதது என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். உரிமையைக் கைமாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், கையொப்பத்தோடு நடக்க வேண்டும் என்றே நமது சட்டமும் எதிர்பார்க்கிறது. ஆகவே ஒரு கடிதமும் எழுதி, கையொப்பமிட்டு, வீட்டில் ஒருவரிடமும் நம்பிக்கையான ஒரு நூலகத்திடமும் கொடுத்து வையுங்கள். முன்னமே நூல் வெளியிட்டவர்களுக்கும் இந்தக் கடிதம் பொருந்தும்.

காணிக்கு உறுதி எழுதாமல் நமது ஊரில் யாரும் கண்ணை மூடுவதில்லை. பத்து வருடம் பாடுபட்டு எழுதிய நூலுக்கும் அந்த மரியாதையைச் செய்வோம். அதற்கு நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசுகூடத் தேவையில்லை. ஒரு பேனாவும் அரை மணித்தியாலமும் போதும்.